நல்ல வாத்தியார் கதை

நம்முடைய கதைகளில் குரு எப்போதும் நல்லவர். கதையின் முதல் பாகத்தில் கடுமையாக நடந்துகொண்டாலும், முடிவில் நல்லவர் என்று புரிந்துகொள்ளப்படுகிறவர். சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் பாகவதராகட்டும், சிலம்பம் கற்றுத் தரும் கிழவராகட்டும், அவரைச் சந்தேகிப்பது பாபம் என்ற எண்ணத்தோடுதான் நம் ஆசிரியர்கள் பேனாவை எடுக்கிறார்கள். ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்ட துரோணரை நாம் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. கேட்டவுடன் அறுத்துக் கொடுத்த சீடனைத்தான் மெச்சுகிறோம். சீடனுடைய உடம்பின் மேல் குருவுக்கு எவ்வளவு தூரம் உரிமை உண்டு என்ற கேள்வியை அந்தக் கதை நம்மிடம் எழுப்பியிருக்க வேண்டும். ஏனோ எழுப்பவில்லை.

இந்தக் கேள்வி புராணத்தோடு முடிந்துபோனதல்ல. சென்ற வருஷம் தருமபுரியில் ஒரு வாசகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "எம் பொண்ணு நல்லா கபடி ஆடுதுங்க. வெளியூருக்கு ஆடக் கூட்டிப் போகணும்னு வாத்தியார் கேக்கறாருங்க. அனுப்பலாமுங்களா?" என்றார். வாத்தியார் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "சினிமாவிலே வர்ற மாதிரி, திட்டுவாரு, ஆனா நல்லவராத்தான் தெரியறாருங்க" என்றார்.

அந்தப் பதில் என்னை யோசிக்க வைத்தது. ஒரு தகப்பனார் தம் மகளை ஒரு மனிதரோடு ரயிலேற்றி அனுப்பலாமா என்று தீர்மானிப்பதற்குக் கையில் வைத்திருக்கும் அளவுகோல், சினிமாவும் கதையும் கொடுத்த அளவுகோல். அது சரியான அளவுகோல்தானா என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன்.

சமீப காலத்தில் விளையாட்டுப் பெண்ணைக் கதாநாயகியாக வைத்துச் சில நல்ல படங்கள் வந்திருக்கின்றன. சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' 2016-லும், அருண்ராஜா காமராஜின் 'கனா' 2018-லும், அட்லியின் 'பிகில்' 2019-லும் வெளிவந்தன. இந்தியில் 'சக் தே இந்தியா' 2007-லேயே வந்துவிட்டது. இந்தப் படங்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். குளித்தலைப் பக்கத்து விவசாயியின் மகள் கிரிக்கெட் ஆடலாம், மீனவக் குப்பத்துப் பெண் குத்துச்சண்டை போடலாம் என்று லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு நம்பிக்கை கொடுத்தவை இவை. அந்த நன்றியை மறக்காமலே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

'இறுதிச்சுற்று' எப்படித் தொடங்குகிறது? பயிற்சியாளர் பிரபு மீது பாலியல் புகார் ஒன்று சுமத்தப்படுகிறது. அவர் சென்னைக்குத் தூக்கியடிக்கப்படுகிறார். புகார் பொய் என்று நமக்குத் தெரியும். சங்கத்து அரசியல்வாதிகள் ஜோடித்தது. ஆகவே, படம் பார்க்கிறவன் மனத்தில் முதலில் பதிகிற பாடம், இப்படிப்பட்ட புகார் நல்ல மனிதரை ஒழிக்கப் பயன்படும் ஓர் ஆயுதம் என்பது. 'சக் தே இந்தியா'வில், தலைமைப் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் இருக்கும் மூத்த வீராங்கனை, பயிற்சியாளரிடம் தன்னையே கொடுக்க முன்வருகிறாள், அவர் மறுத்துவிடுகிறார். அவருடைய உத்தமத்தைக் காட்டுவதற்காக எழுதிய காட்சி அது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? ஆசை காட்டுகிறவள் பெண், தற்காத்துக்கொள்கிறவர் ஆண் என்று உலக நடப்பு தலைகீழாகிவிட்டது. 'பிகில்' கதாநாயகர் ஒரு பெண்ணின் பருமனைச் சொல்லிக் கேலி செய்து ரோஷம் ஊட்டி ஆடவைக்கிறார். வெற்றி கிடைத்துவிடுவதால் கேலியும் பயிற்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 'இறுதிச்சுற்று'க்கே திரும்பினால், மாணவி மதி பயிற்சியாளரைக் காதலிக்கிறாள், வென்றதும் அவர் மேல் தாவி ஏறிக்கொள்கிறாள், கொட்டகை கைதட்டுகிறது.

இந்தக் காட்சிகளை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஆள் நல்லவராக இருந்தால் போதும். கதவு மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன? தொட்டால் என்ன, திட்டினால் என்ன? நல்லவர் ஆயிற்றே! விளையாட்டுப் பெண்ணின் பாதுகாப்பு முழுவதையும் ஒரு மனிதருடைய குணத்தின் மேல் ஏற்றி வைத்துவிட்டு நம் கதைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன. என்னுடைய குறை இதுதான்.

விளையாட்டு மைதானம் ஆபீஸைப் போன்றதல்ல. ஆபீஸில் மேலதிகாரி உங்கள் கைவேலையை மட்டும்தான் ஆளுகிறார். பயிற்சியாளரோ உடம்பையே ஆளுகிறார். என்ன சாப்பிடலாம், எத்தனை மணிக்குப் படுக்கலாம், எடை எவ்வளவு, மாதவிலக்கு எப்போது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நிற்கிற நிலையைத் திருத்துவதற்குத் தோளைப் பிடிக்கிறார், இடுப்பைத் திருப்புகிறார். தசை பிடித்துக்கொண்டால் தேய்த்துவிடுகிறார். இவற்றில் பெரும்பகுதி நியாயமான வேலைதான். நியாயமான தொடுகைக்கும் அநியாயமான தொடுகைக்கும் நடுவே இருக்கும் கோடு இங்கே மெல்லியது. அந்தக் கோட்டைப் போடுகிறவரும் அவரே. போதாததற்கு, அணியில் யார் ஆடுவது, மாநிலப் போட்டிக்கு யார் போவது, விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் இடத்துக்குச் சான்று யாருக்கு என்பதும் அவர் கையில். பதினான்கு வயதுப் பெண் இந்த மனிதரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு!

2021 மே மாதத்தில் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தின் கீழ்க் கைதானார். காயத்துக்குச் சிகிச்சை என்ற பெயரில் வீராங்கனைகளிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. ஒருத்தி வாய் திறந்த பிறகு, பல வருஷங்களுக்கு முன் அவரிடம் பயின்றவர்களும் பேச முன்வந்தார்கள். அதுவரை அவர் பெயரெடுத்த 'நல்ல வாத்தியார்'.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பயங்கரம். அந்த நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டர் லாரி நாஸர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளை ஆண்டுக் கணக்கில் கெடுத்துவந்தார். சில தடவை, தாயார் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவள் பார்வையைத் தம் உடம்பால் மறைத்துக்கொண்டு இதைச் செய்தார். 1997-லேயே ஒரு பெண் தன் பல்கலைக்கழகப் பயிற்சியாளரிடம் முறையிட்டாள். யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. 2016-ல் ஒரு பத்திரிகை விஷயத்தை வெளியிட்டது. 2018 ஜனவரியில் தீர்ப்புக்கு முன் 150-க்கும் அதிகமான பெண்கள் கோர்ட்டில் நின்று பேசினார்கள். 40 முதல் 175 வருஷம் வரை சிறை. அந்த டாக்டரும் எல்லோருக்கும் இனியவராகத்தான் இருந்தார். 'நல்லவராத் தெரியறாரு' என்ற அளவுகோலின் லட்சணம் இவ்வளவுதான்.

நம் நாட்டுக் கதை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 12. ஹரியானாவில் பஞ்ச்குலா. ருசிகா கிர்ஹோத்ரா என்ற 14 வயது டென்னிஸ் பெண்ணை, மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் தம் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அவர் போலீஸ் ஐ.ஜி.யும்கூட. எஸ்.பி.எஸ். ராத்தோர் என்பது பெயர். விசேஷப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார். ருசிகா தனியாகப் போகவில்லை. தோழி ஆராதனாவோடுதான் போனாள். அவர் என்ன செய்தார்? பயிற்சியாளரைக் கூட்டிவா என்று தோழியை வெளியே அனுப்பினார். அவள் திரும்பி வந்தபோது பார்க்கக்கூடாததைப் பார்த்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரு நாட்டின் வெட்கம். ருசிகா பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்டாள். அவள் சகோதரன் மீது வழக்குக்கு மேல் வழக்கு விழுந்தது. 1993 டிசம்பரில் அவள் விஷம் குடித்து இறந்தாள். 2009 டிசம்பரில், 19 வருஷங்களுக்குப் பிறகு, ராத்தோருக்கு ஆறு மாதம் சிறை. 2010-ல் அது 18 மாதமாக உயர்ந்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட் குற்றத்தை உறுதி செய்துவிட்டு, வயதைக் கருதி, ஏற்கனவே சிறையில் இருந்த காலமே போதும் என்றது. இந்த வழக்கு இவ்வளவு தூரமாவது வந்ததற்குக் காரணம் யார்? அந்தத் தோழியும் அவள் பெற்றோரும். வெளியே அனுப்பப்பட்ட அந்த இரண்டாவது பெண் கடைசி வரையில் சாட்சி சொல்வதை விடவில்லை.

நம் விளையாட்டுப் படங்களில் இந்த இரண்டாவது பெண்ணுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறோம்? அவள் பொறாமை பிடித்தவள், அல்லது சிரிப்புக்காக வருகிறவள். 'இறுதிச்சுற்'றில் கூடப் பிறந்த அக்காவே போட்டியாளி. 'சக் தே'யில் பாதிப் படம் பெண்களின் சண்டை. பெண்கள் ஒருவரை ஒருவர் இழுத்துத் தள்ளுவார்கள், ஓர் ஆண் வந்துதான் ஒன்றுசேர்க்க வேண்டும் என்பது நம் கதாசிரியர்களின் கெட்டியான சித்தாந்தம். நிஜத்தில் குற்றம் செய்ய நினைப்பவன் முதலில் செய்கிற காரியம் இரண்டாவது பெண்ணை அப்புறப்படுத்துவது. அவளுடைய மதிப்பு அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் கதைகளுக்குத் தெரியவில்லை.

தருமபுரிச் சீமையில் இது எப்படி இருக்கிறது? 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பர்கூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை தருமபுரி மாவட்டம்தான். என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளைப் பள்ளியிலேயே இரவு தங்கவைத்தார்கள். நடத்தியவர் என்.சி.சி.யைச் சேர்ந்தவரே அல்ல. முகாமில் சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவாயிற்று. விஷயத்தை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். பிரதான எதிரி வழக்கு நடப்பதற்கு முன்பே இறந்துபோனார். அந்த ஆளை வேலைக்கு வைப்பதற்கு முன் என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் போதும், அந்த முகாமே நடந்திராது. காக்கி உடுப்பும் விசிலும் அதட்டுகிற குரலும் இருந்தன. அதுவே தகுதிச் சான்றிதழாகிவிட்டது.

இந்த மாவட்டத்தில் ஒரு பெண் மைதானத்துக்கு வருவதே சாமான்யமல்ல. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது என்றால், பெண் பிறப்பதே ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று புரியும். சின்ன வயதுக் கல்யாணம் இன்னும் ஒழிந்தபாடில்லை. இந்த நிலையில் அரூரிலோ பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறாள் என்றால், அவள் அம்மா எத்தனை பேரிடம் எத்தனை பேச்சுக் கேட்டிருப்பாள்! அந்தப் பெண்ணுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: தான் வாய் திறந்தால் வாத்தியார் போகமாட்டார், தான்தான் மைதானத்தை விட்டுப் போக வேண்டும். மறு மாதமே ஜாதகக் கட்டு வெளியே வரும். அவள் வாயை மூடுவதற்குக் குற்றவாளி மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. வீட்டாரின் பாசமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பெற்றோர்கள் வருத்தப்படக் கூடாது. ஆனால் பெண்ணைக் காப்பாற்றுவது என்றால் அவளை மைதானத்திலிருந்து காப்பாற்றுவது என்றே நாம் அர்த்தம் செய்துகொண்டிருக்கிறோம்.

அதே மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்தக் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 269 உத்தியோகஸ்தர்கள் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி செஷன்ஸ் கோர்ட், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. வாச்சாத்திக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஸ்தாபனம் முழுவதும் ஒரு பக்கம் நின்றாலும், பெண்கள் கூட்டாக நின்று சொன்ன சொல் முப்பது வருஷம் தாங்கும் என்பதற்கு அந்த மலைவாழ் பெண்களைவிடப் பெரிய சாட்சி இந்தத் தேசத்தில் இல்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம், நீயும் முப்பது வருஷம் காத்திரு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஒலிம்பிக் மெடல் வாங்கியவர்களுக்கே சுலபமாக வழி கிடைக்கவில்லை. 2023 ஜனவரி 18-ல் வினேஷ் போகட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா முதலியோர் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்த சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது புகார். விசாரித்த கமிட்டி கண்டவற்றில் ஒன்று, சட்டப்படி அமைந்த புகார்க் கமிட்டியே சம்மேளனத்தில் இல்லை என்பது. வீராங்கனைகள் சுப்ரீம் கோர்ட் வரை போன பிறகுதான் ஏப்ரல் 28-ல் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கு 2025 மே மாதத்தில் முடித்துவைக்கப்பட்டது. மற்ற வீராங்கனைகளின் புகாரில் 2024 மே மாதம் கோர்ட் குற்றச்சாட்டுகளை வரைந்தது. அவர் எல்லாவற்றையும் மறுக்கிறார். தீர்ப்பு நம்முடைய வேலையல்ல. ஆனால் 2023 டிசம்பரில் சாக்ஷி மாலிக் தம் பூட்ஸ்களை மேஜை மேல் வைத்துவிட்டு விளையாட்டை விட்டே விலகினார் என்பது நம் கண்ணெதிரே நடந்தது. புகார் சொன்ன தரப்புதான் மைதானத்தை விட்டுப் போயிற்று. பாலக்கோட்டுப் பெண்ணின் பயம் வீண் பயமல்ல.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, 2012-ன் போக்சோ சட்டம். குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாத நிறுவனத் தலைவருக்கே அதில் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. 2013-ன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில் ஸ்டேடியமும் விளையாட்டுப் பயிற்சி நிலையமும் போட்டி நடக்கும் இடமும் 'பணியிடம்' என்றே எழுதப்பட்டிருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிலையமானால் மாவட்ட அளவிலுள்ள கமிட்டியிடம் போகலாம். 2025-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் வீரர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. 1098 என்ற எண்ணைச் சுழற்றினால் குழந்தைகளுக்கு உதவி வரும். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. மைதானத்துச் சுவரில் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே, வாத்தியார் நல்லவரா என்று கேட்பதை விட்டுவிட்டுப் பெற்றோர்கள் வேறு கேள்விகள் கேட்கப் பழக வேண்டும். பயிற்சி அறையின் கதவு திறந்திருக்கிறதா? வெளியூர்ப் பயணத்தில் பெண் துணையாளர் யார், அவர் பெயர் என்ன? பெண்கள் தூங்கும் இடத்துக்குச் சாவி யாரிடம்? தசைக்குத் தேய்த்துவிடும்போது இன்னொருவர் கூட இருப்பாரா, என்ன செய்யப்போகிறார் என்று பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்வாரா? ராத்திரி பத்து மணிக்குப் பெண்ணின் போனுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவாரா, எல்லோருக்கும் பொதுவாக அனுப்புவாரா? புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம்? அந்த நபர் அணியைத் தேர்ந்தெடுக்கிறவராக இல்லாமலிருக்கிறாரா? புகார் சொன்னவள் விசாரணை முடியும்வரை ஆடலாம், எதிரி ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களா?

இப்படியெல்லாம் கேட்டால் குருவுக்கும் சீடனுக்கும் நடுவே இருக்கும் புனிதம் கெட்டுவிடாதா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பாங்கில் காஷியர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். நாமும் ஒரு தடவை எண்ணிக்கொள்கிறோம். அவர் திருடர் என்று அர்த்தமா? கோபித்துக்கொள்கிறாரா? யோக்கியமான டிரில் மாஸ்டருக்குத் திறந்த கதவைப் போல நல்ல பாதுகாப்பு வேறில்லை. 'இறுதிச்சுற்று' பிரபுவைப் போலப் பொய்ப் புகாரில் மாட்டிக்கொள்கிறவர் இருந்தால், அவரையும் காப்பாற்றப் போவது அந்தக் கதவும் அந்த இரண்டாவது ஆளும்தான். ஒழுங்கான விசாரணைக் கமிட்டி இருந்திருந்தால் அந்தப் படத்தின் முதல் காட்சியே நடந்திராது. கதாசிரியருக்குச் சங்கடம்தான், பிரபுவுக்கு லாபம்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு, முக்கியமாகத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர்களுக்கு, ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கோப்பையை வெல்கிற பெண்ணைப் பற்றி வேண்டிய மட்டும் கதைகள் வந்துவிட்டன. அவளை உருவாக்கிய மகானைப் பற்றியும் வந்துவிட்டன. தண்ணீர் கொண்டுவா என்று வெளியே அனுப்பப்பட்ட பெண், பத்தடி நடந்துவிட்டு, ஏதோ மனசுக்குச் சரிப்படாமல் திரும்பி வந்தாளே, அவளைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவள் மாநிலப் போட்டியில் ஆடியிருக்கமாட்டாள். மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருப்பாள். திரும்பி வந்ததற்காக அவளும் ஏதாவது இழந்திருப்பாள். அவளைக் கதாநாயகியாக வைத்து ஒரு நாவல் எழுதுங்கள். அதில் வருகிற வாத்தியார் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் அறைக் கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.